காகிதத்தை எப்போது உரிக்க வேண்டும்

அக்ரிலிக் தகட்டின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டி வரும். வேலை முடிகிற வரை அதை உரிக்கக் கூடாது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு அது. உள்ளே கண்ணாடி மாதிரி இருப்பதைப் பார்க்கிற ஆசையில் முதல் நாளே உரித்துவிடுவார்கள். பிறகு அறுக்கும்போது, துளை போடும்போது, மேசையில் நகர்த்தும்போது கோடு விழும். விழுந்த கோடு போகாது. நான் இருபத்திரண்டு வருஷத்தில் வேலைக்கு நடுவில் ஒரு தகட்டைக்கூட உரித்ததில்லை.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அந்தக் காகிதத்தைப் பற்றித்தான். பதிலை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். வெள்ளைத் தாள் கொடுத்து, உன் கையாலேயே எழுது என்றீர்கள். நல்லதாயிற்று. எனக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம்.

என் பெயர் உதயகுமார். வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பெயர்ப்பலகை செய்கிற பட்டறையில் அக்ரிலிக் எழுத்து வெட்டுகிறேன். திருமுல்லைவாயிலில் அண்ணன் துலுக்கானத்தின் வீட்டில் இருக்கிறேன். அவர் என்னைவிடப் பதினாறு வயது பெரியவர். அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அதிலிருந்து அண்ணன்தான் வளர்த்தார். அண்ணி நாகவல்லி ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தைக்கிறார். காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் வரும். திரும்புவதற்கு மாலை ஆறரை ஆகும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என்னையே பிள்ளை என்றுதான் வெளியில் சொல்வார்கள்.

எனக்குப் படிக்கப் பிடிக்கும். பேசாமல் இருக்கப் பிடிக்கும். ஒருவன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் கோபமாக இருக்கிறான் என்று நினைக்கிற ஊர் இது. நான் யார் மீதும் கோபமாக இல்லை. வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். ரயில் வரும், போகும். அதைப் பற்றி எனக்குப் புகார் இருந்ததில்லை. முடிகிற சத்தம் எனக்குச் சத்தமே இல்லை.

அண்ணன் முப்பது வருஷம் வார்ப்பட ஆலையில் மணல் அச்சு போட்டவர். அந்தத் தூள் நுரையீரலில் படிந்துவிட்டது. போன கார்த்திகையில் டாக்டர், வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் வைத்தாக வேண்டும் என்றார். வாடகைக்கு வந்தது. முழங்கால் உயரம், சக்கரம் வைத்தது. அறையில் இருக்கிற காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். அடியில் விடாத ஒரு முனகல். அதன் மேல் ஏழு நொடிக்கு ஒரு தடவை 'புஸ்' என்று ஒரு சத்தம். அதற்கு ஓய்வு கிடையாது.

கொண்டு வந்து மாட்டிய திருமுருகன் போகும்போது என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். "சார், செவுத்துல இருந்து ஒரு அடி தள்ளியே வைங்க. மேல துணி கிணி போட்றாதீங்க. அதுவும் நம்மள மாதிரிதான், மூச்சு உடணும்."

எனக்குத் தெரியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. அவர் சொன்னார். நான் கேட்டேன்.

பொங்கல் கழிந்ததும் பூந்தமல்லி ராஷித் வந்தான். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவன். என்னிடம் முன்பு பெயர்ப்பலகை வாங்கியவன். அவனுக்குச் சத்தமே இல்லாத கம்ப்யூட்டர் வேண்டும். கம்ப்யூட்டர் சூடாகும், சூட்டைத் தணிக்க உள்ளே விசிறிகள் சுற்றும், அதுதான் அந்தச் சத்தம். விசிறிக்குப் பதிலாகக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு, அந்தத் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போகிற மாதிரி செய்தால் சத்தம் அடங்கிவிடும். தண்ணீர் ஓடுவது வெளியே தெரியும்படி முழுப் பெட்டியும் அக்ரிலிக்கில் வேண்டும் என்றான். ஆறு வாரம் ஆயிற்று. நான் வாழ்க்கையில் செய்த வேலைகளில் நல்ல வேலை அது. தேவையென்றால் போய்ப் பார்க்கலாம். அவன் கடையில் இருக்கிறது.

தகடுகளைக் குளோரோஃபார்ம் வைத்து ஒட்டினேன் என்று நேற்றுச் சொன்னபோது, உங்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அக்ரிலிக் வேலை செய்கிற எல்லாரிடமும் அது இருக்கும். ஊசியில் எடுத்து மூட்டில் ஒரு சொட்டு விட்டால் இரண்டு தகடும் ஒன்றாகிவிடும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவர் எழுதியதில் அதை அடித்துவிடலாம்.

பெட்டியை அண்ணனின் அறையில் வைத்துத்தான் கட்டினேன். அங்கேதான் இடம் இருந்தது. அவர் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னாடா இது, மீன் தொட்டி கட்டிக்கினு கீறே?"

"கம்ப்யூட்டர்ணே."

"தண்ணி ஓடுதுன்ற, கண்ணாடின்ற, லைட்டு போடப் போறேன்ற. அப்ப மீன் தொட்டிதான். மீனு எப்ப உடுவே நைனா?"

அன்றிலிருந்து தினமும் இதுதான். நான் பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "மீனு வந்துச்சா?" என்று உள்ளிருந்து கேட்பார். அண்ணி சிரிப்பார். மாடியில் குடியிருக்கிற பூங்காவனம் அக்கா மோட்டார் போட வரும்போது அவரிடமும் சொல்வார். "என் தம்பி எனக்குக் கெளுத்தி வளக்கப் போறான், கொழம்பு வச்சித் தரியா?" இதற்காக எனக்குக் கோபம் இருந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. அவர் மொத்தம் ஐம்பத்து மூன்று தடவை கேட்டார். நான் கோபப்படவில்லை.

தண்ணீரை விட்டவுடன் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. பம்பை மட்டும் தனியாக ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டின் அடியிலும் ஒரு டிஷ்யூ துண்டு வைத்து, ஒரு முழு நாள் பார்க்க வேண்டும். எங்கேயாவது ஒழுகினால் துண்டு நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். மொத்தம் பதினான்கு மூட்டுகள். அன்று எனக்குப் பட்டறையில் அவசர வேலை. அண்ணன், "நீ போ, நான் பாத்துக்கிறேன். எனக்கு வேற இன்னா வேல?" என்றார். சாயங்காலம் வந்தபோது மூக்கில் குழாயோடு கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, பெட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மதியம் சாப்பிடவில்லை. தட்டு மூடியபடியே இருந்தது.

"ஒரு சொட்டு கூட இல்ல உதயா. பதினாலும் காஞ்சி கீது. கண்ண எடுக்காம பாத்துக்கினே இருந்தேன். நீ கட்னா ஒழுகுமாடா?"

அதன் பிறகுதான் பெட்டியின் காகிதத்தை உரித்தேன். உரிக்கும்போது கிர்ரென்று நீளமாக ஒரு சத்தம் வரும். எனக்குப் பிடித்த சத்தம் அது ஒன்றுதான். நீல நிறத் தண்ணீர் குழாய்களில் சுற்றி வந்தது. அண்ணன் கைதட்டினார். கைதட்டியதில் மூச்சு வாங்கியது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியை எடுத்துப்போக ராஷித் வந்தான். எடுத்துப்போவதற்கு முன் அங்கேயே தன் சேனலுக்கு ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்றான். மைக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, கம்ப்யூட்டர் ஓடுகிறதா இல்லையா என்று பார்க்கிறவர்களே கண்டுபிடிக்கட்டும் என்பது அவன் யோசனை. பெட்டியை என் அறைக்கு மாற்றினோம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டவன் முகத்தைச் சுளித்தான்.

"அண்ணாத்தே, உன் பொட்டி சூப்பரு. மூச்சே காணோம். ஆனா பின்னாடி யாரோ மூச்சு வாங்குற மாதிரியே கீதே."

அடுத்த அறையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "அது என் மெஷினு பாய். ஆஃப் பண்ணிட்டு எடு. பத்து நிமிஷம் நான் தாங்குவேன்."

"ஐயோ, வேணாம்ணே."

"அட எடுப்பா. மூச்சு உடாம கம்முனு கீறேன்."

ராஷித் தயங்கினான். சுவிட்சை அணைத்தது நான்.

அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த நேரம் ரயிலும் வரவில்லை. ராஷித் மூன்று தடவை திரும்ப எடுத்தான். பத்து நிமிஷம் என்றது பதினான்கு நிமிஷம் ஆயிற்று. அண்ணன் இருமக்கூட இல்லை. நான் மெஷினைத் திரும்பப் போட்டபோது அவர் உதடு நாவற்பழம் தின்றவர் உதடு மாதிரி இருந்தது. கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கருவி எண்பத்தொன்று என்று காட்டியது; தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது. அரை மணியில் சரியாகிவிட்டது. மத்தியானம் மீனைப் பற்றி மறுபடியும் கேட்டார்.

ராஷித் பெட்டியோடு போய்விட்டான். வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள். கீழே ஒருவர் "இன்னா மாமே, மூச்சு பேச்சே இல்ல, செத்துட்சா?" என்று எழுதியிருந்தார். பாராட்டுதான். அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ஆனால் எனக்கு ஞாபகத்தில் நின்றது வீடியோ இல்லை. அந்தப் பதினான்கு நிமிஷம்தான். அதற்கு முன் எனக்கு அப்படி ஒன்று தெரியாது. தெரிந்த பிறகு முன்பு இருந்தபடி இருக்க முடியவில்லை. ஏழு நொடிக்கு ஒரு 'புஸ்'. இரண்டு 'புஸ்'களுக்கு நடுவே ஒரு வரி படிக்கலாம். ஒரு வரிக்கு மேல் முடியாது.

மெஷினுக்கும் ஒரு பெட்டி கட்டினேன். அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் கட்டினேன். அவருக்கும் தூக்கம் நன்றாக வரும் என்றேன்.

"இதுலயாவது மீன் உடுவியா?" என்றார். அது ஐம்பத்து மூன்றாவது தடவை. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

எட்டு மில்லிமீட்டர் தகடு. ராஷித் வேலையில் மிச்சம் வந்தது. உள்பக்கம் ஃபோம் ஷீட். அடியில் ரப்பர். முன்பக்கம் மட்டும் ஃபோம் ஒட்டாமல் விட்டேன். மெஷினில் ஆக்ஸிஜன் சரியாக வந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், ரொம்பக் குறைந்தால் சிவப்பு என்று மூன்று விளக்குகள் உண்டு, பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று. குழாய்க்கு ஒரு துளை. பின்பக்கத்தில் காற்றுக்காக எட்டுத் துளைகள். காகிதத்தை உரிக்கவில்லை. வேலை முடியவில்லை.

பெட்டி வைத்த அன்று ஃபோனில் சத்தம் அளந்தேன். நாற்பத்தெட்டு டெசிபலிலிருந்து நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. மீதிச் சத்தம் அந்த எட்டுத் துளைகள் வழியாகத்தான் வருகிறது என்று காதை வைத்துப் பார்த்தால் தெரிந்தது. மூன்று நாள் கழித்து ஒரு துளைக்கு ஃபோமில் வட்டமாக ஒரு அடைப்பு வெட்டி வைத்தேன். அளந்தேன். குறித்துக்கொண்டேன். இன்னும் மூன்று நாள் கழித்து இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்திருந்தால் அது வேறு விஷயம். நான் நிதானமாகத்தான் செய்தேன். குறிப்பு நோட்டு உங்களிடம் இருக்கிறது. தேதிகள் சரியாக இருக்கும்.

நாலாவது துளை அடைத்த மறுநாள் மெஷின் கூவ ஆரம்பித்தது. சூடு ஏறினால் கூவும்படி வைத்திருக்கிறார்கள். மூடியைக் கழற்றினால் உள்ளே அந்தக் கூவலுக்குப் போகிற இரண்டு மெல்லிய கம்பிகள். நறுக்கினேன். சத்தத்தைக் குறைக்கிற வேலையில் அதையும் குறைக்க வேண்டியிருந்தது.

அண்ணி ஒரு நாள் வேலைக்குப் போகிற அவசரத்தில் கதவருகே நின்று கேட்டார். "இன்னா உதயா, சத்தமே கேக்கலயே. மெஷின் ஓடுதா?"

"ஓடுது அண்ணி."

"விளக்கு எரியுதான்னு பாக்கலாம்னா இந்தப் பேப்பரு வேற."

"வேல முடிஞ்சதும் உரிச்சிடுவேன்."

"என்னமோப்பா, நீ கீறதாலதான் நான் நிம்மதியா வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஓடினார். நான் பொய் சொல்லவில்லை. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சித்திரை பிறந்தது. ஆவடிப் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முதலில் பூங்காவனம் அக்காவுடன் பேசுவது நின்றது. பிறகு அண்ணியிடம் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. வீடு நன்றாக இருந்தது. விரலில் மாட்டுகிற கருவியின் பேட்டரிகள் வேறு ஒரு வேலைக்குத் தேவைப்பட்டன, எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நான் பட்டறையிலிருந்து வந்தபோது அண்ணன் கையில் ஒரு டிஷ்யூ துண்டு இருந்தது. மூட்டுகளுக்கு அடியில் வைத்தேனே, அதே மாதிரி கிழித்த துண்டு. மூக்கிலிருந்து குழாயைக் கழற்றி அதன் முனையில் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உதயா, முன்னெல்லாம் இத இப்டிப் புடிச்சா ஆடும். இப்ப ஆட மாட்டேங்குது பாரு."

நான் பார்த்தேன். ஆடவில்லை.

"பேப்பர் ஈரமா இருக்கும்ணே" என்றேன்.

அவர் அதை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சரிடா. நீ கட்னா தப்பா கட்ட மாட்டே" என்று சொல்லிவிட்டுக் குழாயை மாட்டிக்கொண்டார்.

அதற்குள் ஏழு துளைகள் அடைத்தாகியிருந்தன. சத்தம் முப்பத்து நாலு.

எட்டாவது துளையைப் போன புதன்கிழமை மதியம் அடைத்தேன். பட்டறைக்கு லீவு சொல்லியிருந்தேன். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். தூங்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். இரண்டு மணி பத்து நிமிஷம். ஃபோன் முப்பத்தொன்று என்று காட்டியது. என் அறைக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். நடுவில் இருக்கிற கதவு திறந்தேதான் இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மூடவில்லை.

கொஞ்ச நேரத்தில் "உதயா" என்று கூப்பிட்டார். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை பாதியில் நின்றுவிட்டது. பிறகு டம்ளரால் கட்டிலின் இரும்புக் காலில் தட்டினார். ஒரே சீராக இல்லை. அதுதான் சிரமமாக இருந்தது. நான் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் இருந்தேன். அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தட்டுவது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அது முடிகிற சத்தம்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மூன்று மணிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. ஒரு ரயில் வந்து போயிற்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அன்று பதினான்கு நிமிஷத்தில் முடிந்துபோன அந்த அமைதி இப்போது முடியவில்லை. நான் ஐம்பது பக்கம் படித்தேன். ஒரு வரிகூட விடாமல் படித்தேன்.

நாலரைக்கு எழுந்து அண்ணனின் அறைக்குப் போனேன்.

நான் அவரை ஒன்றும் செய்யவில்லை. தொடக்கூட இல்லை. சத்தத்தைத்தான் குறைத்தேன். இதை மூன்று நாளாக உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு நீங்கள் ஒவ்வொரு தடவையும் அந்தக் காகிதத்தைப் பற்றியே கேட்கிறீர்கள்.

மாடியிலிருந்து மோட்டார் போட இறங்கிய பூங்காவனம் அக்கா உங்களிடம் சொன்னது உண்மை. கிர்ரென்று நீளமாக ஒரு சத்தம் கேட்டு அவர் எட்டிப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்து மெஷின் பெட்டியின் காகிதத்தை உரித்துக்கொண்டிருந்தேன். மேல்பக்கம், இரண்டு பக்கவாட்டுகள் முடிந்து, முன்பக்கத்தில் இருந்தேன். "பொட்டி சோக்கா கீதே உதயா" என்றார். அப்போது முன்பக்கக் காகிதம் முழுசாக வந்துவிட்டது. உள்ளே விளக்கு தெரிந்தது. "இன்னாப்பா, லைட்டு செவப்பா எரியுது?" என்றார். பிறகுதான் கட்டிலைப் பார்த்தார். நான் சொன்னதாக அவர் சொன்னதும் சரிதான். "வேல முடிஞ்சிடுச்சிக்கா" என்றேன்.

மெஷினைத் திரும்ப எடுக்க வந்த திருமுருகன் நறுக்கின கம்பிகளைப் பார்த்து அண்ணியிடம் காட்டினார். அண்ணி இங்கே ஸ்டேஷனுக்கு வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பெட்டியை நீங்கள் வேனில் ஏற்றும்போது ஒரு மூலை வாசற்படியில் இடித்தது. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும்போது துணி சுற்றி எடுத்துப் போங்கள். இப்போது அதன் மேல் காகிதம் இல்லை.

அண்ணன் உயிர் போனது தெரியாமல் உரித்தாயா, தெரிந்து உரித்தாயா என்று கேட்டீர்கள். அதற்கான பதிலை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். வேலைக்கு நடுவில் நான் உரிப்பதில்லை.